டீ மேக்கருக்கு நான் கொடுத்த தேகப்பயிற்சி

எஸ்டேட் டிஸ்பென்சரிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மேசைமேல் இந்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் தினமும் தேகப்பயிற்சி கொடுக்க வேண்டும், அதை மேற்பார்வை பார்ப்பது கம்பவுண்டரின் பொறுப்பு என்று அதில் கண்டிருக்கும். நான் ஓய்வு பெற்றுக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஆனாலும் உங்களில் ஒருவர் அதில் ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். இதை எப்படிச் செய்வது என்று ஒரு வார்த்தை எழுதும்படி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார். ஒரு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கையை எத்தனை முறை தூக்க வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றி நான் செய்த ஒரு தவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மலைக்கு லாரி கிடையாது. தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கிக்கொண்டு சொகுசாகக் கீழே போகும். நாங்கள் கால்நடையாக மேலே வருவோம். பெட்டிக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ஏழெட்டு வருடம் கழித்து ஒரு புதிய துரை வந்தார். யுத்தத்திலிருந்து நேராக வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் அது மறுநாள் காலையே நடந்தாக வேண்டும். பங்களாவுக்கு ஃபைல் எடுத்துப் போன எங்கள் பெரிய கிளார்க், மேலே போய்ச் சேர்ந்ததும் பேச முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். துரை அதைப் பார்த்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் கெட்ட காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

உத்தரவு இதுதான். கூலி ஆட்கள் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. மாதச் சம்பளக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கெட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஃபாக்டரி வாசலிலிருந்து பங்களா வரை நடுவில் உட்காராமல் ஏறிக் காட்ட வேண்டும். ஏறியவர் வேலையில் இருப்பார். ஏற முடியாதவர் மலை வேலைக்கு லாயக்கில்லை என்று கீழே அனுப்பப்படுவார். யார் லாயக்கு, யார் லாயக்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பார்த்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் மைதானம். ஆட்கள் போன பிறகு அங்கேயே கிளார்க்குகளை வரிசையில் நிறுத்தினேன். மழைக் காலம். புல்லெல்லாம் அட்டை. குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால் எல்லோரும் அட்டையைத்தான் தேடினார்கள். பெரிய கிளார்க் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

"கையைத் தூக்கச் சொன்னா தூக்கறேன். குதிக்க மட்டும் சொல்லாதேயும் காணும். இந்த வயசிலே நான் குதிச்சா பாக்கறவா என்ன நெனப்பா?"

"யாருமே பாக்கலீங்க" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு மேல்பாதையில் போன பெண்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பெரிய கிளார்க்குக்கு நல்ல தூக்கம் வந்தது. வாரம் மூன்று தரம் என்னிடம் வாங்கிக் குடித்த பேதி மருந்தை நிறுத்திவிட்டார். தேகப்பயிற்சியை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. மருந்து என்பதால்தான் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனி டீ மேக்கர். கொழுந்து ஃபாக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகிற வரைக்கும் பொறுப்பு அவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பையனாக மலை ஏறி வந்து ஃபாக்டரியில் கூட்டிப் பெருக்க ஆரம்பித்து, படிப்படியாக மேக்கர் ஆனவர். தூளை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை முகர்ந்தால் எந்தச் சரிவில் பறித்தது, எத்தனை மணிக்கு மழை பெய்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பாதி பெருமைக்குச் சொன்னது, பாதி நிஜம். கொஞ்சம் தொப்பை இருந்தது. வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மாதச் சம்பளக்காரர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

தொப்பை, மூச்சு வாங்குதல், மாதச் சம்பளம். மூன்றையும் சேர்த்துப் பார்த்து, உடம்பு வளையாததால் வந்த கோளாறு என்று முடிவு கட்டினேன்.

காலையில் தேயிலை உலர்த்தும் அடுப்பு மூட்டும் நேரம் என்பதால் அவரால் பெரட்டுக்களத்துக்கு வர முடியாது. அவருக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு செய்தேன். தினமும் நாலு மணிக்கு நான் ஃபாக்டரி வாசலுக்குப் போவேன். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே போகும் ஏற்றப் பாதையில் டிஸ்பென்சரி வரை இருவரும் நடப்போம். இந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் நடக்கிற விதமே தனி. முப்பது அடி எடுத்து வைப்பார், நிற்பார். பாதையோரச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவார். கசக்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நிதானமாக, "பாத்தீரா கம்பவுண்டரே, இது நேத்தே பறிச்சிருக்கணும். முத்திப்போச்சு. கங்காணி எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு நின்னுருக்கான்" என்பார். மறுபடி முப்பது அடி. மறுபடி ஒரு கிள்ளு. இந்தச் செடிக்கு வெயில் போதாது, அந்தச் செடியைச் சீக்கிரம் கவாத்து பண்ணி வெட்டிவிட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாடம். நானும் ஆர்வமாகக் கேட்பேன். நடைப்பயிற்சியிலும் கடமையை மறக்காத மனிதர் என்று ஆபீஸில் போய்ப் புகழ்ந்தேன்.

டிஸ்பென்சரிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்ப்பேன். லேசாக ஒரு விசில் சத்தம் இருக்கும். மலைக் குளிருக்கு எல்லோர் நெஞ்சிலும் இருக்கிற சளி என்று விட்டுவிட்டேன். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. மூன்றாம் வாரம் இன்னும் குறைந்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் துரைக்குப் போகும் காகிதத்தில் அவர் பெயருக்கு நேரே 'முன்னேற்றம்' என்று எழுதினேன். பன்னிரண்டு சனிக்கிழமை அப்படி எழுதினேன்.

ஏறிக் காட்டும் நாள் வந்தது. தேயிலை முடிகிற இடத்தில் பங்களாவின் வெளிக்கேட் இருக்கிறது. அங்கிருந்து மேலே புல்சரிவு. இரண்டு பக்கமும் கற்பூர மரங்கள். நடுவில் மண்ணை வெட்டிய படிகள், எண்பது சொச்சம். நான் கேட்டருகில் நின்றேன். துரை மேலே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கிளார்க் கோட்டோடு ஏறி, மேலே போய் வணக்கமும் சொல்லிவிட்டார். மற்றவர்களும் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக மேக்கர் வந்தார்.

கேட்டுக்குக் கீழே இருந்த கடைசிச் செடியில் வழக்கம்போலக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியில் கால் வைத்தார். முப்பது படி சரியாக ஏறினார். பிறகு நின்று, பழக்கப்படி வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே செடி இல்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தாழ்ந்து தொங்கிய ஒரு கற்பூர இலையைப் பறித்துக் கசக்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கற்பூர இலையில் டீ மேக்கருக்கு என்ன வேலை? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமும் அவர் இலையைப் பார்க்க நிற்கவே இல்லை. மூச்சு இல்லாமல் நின்றிருக்கிறார். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று இலையைக் கிள்ளியிருக்கிறார். வாரத்துக்கு வாரம் நான் பார்த்த முன்னேற்றம், அவர் எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட முன்னேற்றம்தான்.

அவர் மேலும் பத்துப் படி ஏறுவதற்குள் நான் ஓடிப்போய் எட்டிப் பிடித்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சுவிட முயன்றுகொண்டிருந்தார். துரைக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக.

"உக்காருங்க மேக்கர்" என்றேன்.

"உக்காந்தா போச்சுவே. துரை பாக்காரு."

"பாத்தாப் பாக்கட்டுமுங்க. உக்காருங்க."

"ஒரு ஒபகாரம் பண்ணும். ஒரு பத்து நிமிசம் எங்கிட்ட எதையாவது பேசிக்கிட்டு நில்லும். ஏதோ வேலை விசயம் பேசுதோம்னு துரை நெனச்சுக்கிடுவாரு. அதுக்குள்ள நான் சரியாயிருவேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தித்தான் இவ்வளவையும் சொன்னார். "எனக்குக் கீழ ஊடு வாசல் கெடையாது. பொஞ்சாதியும் ரெண்டு பொட்டப்பிள்ளையளும் எஸ்டேட் ஊட்லதான் இருக்காக. உமக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். மலையில் வேலை போனால் வீடும் அன்றைக்கே போகும். அவர் கேட்டதைச் செய்வது சுலபம். நான் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால், அவர் மீதிப் படிகளை ஏறிவிடுவார், நான் லாயக்கு என்று கையெழுத்துப் போடுவேன். மூன்று மாதமாக நான் எழுதியதும் உண்மையாகிவிடும். என் காகிதமும் தப்பும், அவர் வீடும் தப்பும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் படியில் நின்று நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

பதிலை அவர் உதட்டில்தான் பார்த்தேன். பேசப் பேச நீலம் கூடிக்கொண்டே போனது. தோளைப் பிடித்து அழுத்தி அவரைப் படியில் உட்கார வைத்தேன். என் கையைத் தட்டிவிடப் பார்த்தார்; முடியவில்லை. உட்கார்ந்த பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே வராந்தாவில் துரை நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.

அன்றைக்கு அவரை அவர் போக்கில் விட்டிருந்தால் ஏறியிருப்பாரா, படியிலேயே விழுந்திருப்பாரா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்தவனைப் போல உங்களிடம் பேச மாட்டேன். இந்த உத்தியோகத்தில் சில முடிவுகள் சரியா தப்பா என்று கடைசிவரை தெரியவராது.

துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு சனிக்கிழமைக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். முன்னேற்றம், முன்னேற்றம், நல்ல முன்னேற்றம். படித்து முடித்துவிட்டு, நாற்பது படி ஏற முடியாதவனுக்கு இது என்ன முன்னேற்றம், இந்தக் காகிதம் பொய்யா, இன்றைக்கு நீ அவனை உட்கார வைத்தது பொய்யா என்று கேட்டார்.

காகிதம்தான் தப்பு என்றேன். மேக்கரின் உடம்பில் வேறு கோளாறு இருக்கிறது, அதை நான் பார்க்கத் தவறிவிட்டேன், டாக்டர் வந்து பார்க்கும்வரை அவரைக் கீழே அனுப்பக் கூடாது என்றேன். அப்படியானால் கீழே போக வேண்டியவர்கள் இரண்டு பேர் என்றார் துரை. ஆனால் டாக்டர் வரும்வரை பொறுத்தார். அது அவருடைய நல்ல குணம்.

பல எஸ்டேட்டுகளுக்குப் பொதுவான எங்கள் குழு ஆஸ்பத்திரி டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வருவார். அதிகம் பேச மாட்டார். மேக்கரின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகுப் பக்கம் வெகுநேரம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவரு வேலை பாக்கற எடத்துக்கு நீ எத்தனை தடவை போயிருக்கே?"

"ஃபாக்டரி வாசல் வரைக்கும் தெனமும் போயிருக்கறனுங்க."

"வாசலைக் கேக்கல."

உள்ளே போனதில்லை. மூன்று மாதம் தினமும் அந்த வாசலில் நின்று அவரை அழைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மதியச் சாப்பாட்டு நேரம். இயந்திரம் ஓடவில்லை, ஆட்களும் இல்லை. காய்ந்த தூளைச் சல்லடையில் சலித்து ரகம் பிரிக்கும் அறைக்குள் நுழைந்தோம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன, ஈரக் காற்று பட்டால் தூள் கெட்டுவிடும் என்பதால் அவற்றைத் திறப்பதில்லை. உத்தரத்தில், சுவரில், ஜன்னல் கட்டையில் எல்லாம் பழுப்பாகப் பஞ்சுபோல் தேயிலைத் தூசு படிந்திருந்தது. சும்மா நின்றதற்கே எனக்கு இருமல் வந்தது. மேக்கர் அந்த ஃபாக்டரிக்குள் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கிறவர். கொழுந்து உருட்டும் ரோலருக்கும் அடுப்புக்கும் இந்த அறைக்குமாக ஓடுகிறவர். உட்கார நாற்காலி என்று ஒன்று அந்த ஃபாக்டரியில் எங்குமே இல்லை. இவரைத்தான் உட்கார்ந்து கெட்டவர் என்று நான் நடக்க வைத்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

டாக்டர் துரையிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மேக்கரைக் கீழே அனுப்பவில்லை. ஆனால் ஃபாக்டரிக்குள் வேலை இல்லை. ஆபீஸை ஒட்டிய அறையில் கோப்பைகளை வரிசையாக வைத்து டீயைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லும் வேலை மட்டும் கொடுத்தார்கள். மேக்கர் வீட்டைக் காலி செய்து ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். புதிய மேக்கர் வந்தார். என் வேலை தப்பியது. என் பெயரில் ஒரு குறிப்பு மட்டும் ஏறியது. கிளார்க்குகளின் பயிற்சி தொடர்ந்து நடந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பழைய மேக்கர் மருந்துக்காக டிஸ்பென்சரிக்கு வந்தார். சின்ன ஏற்றம்தான். வாசலில் வெளிப்படையாக நின்று, மூச்சு தணிந்த பிறகு உள்ளே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கையால் நிறுத்தினார்.

"உம்மமேல எனக்குக் கோவம் இருக்கத்தான் செய்யுது. அது போவும்னு தோணல. அத்தன பேரு பாக்க என்னைய உக்கார வச்சிட்டீரு. இப்ப ஃபாக்டரிப் பக்கமே போவக் கூடாதுங்காக."

மருந்துப் புட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் உடனே போகவில்லை.

"ஒண்ணு கேக்கேன். நான் மாசச் சம்பளக்காரன். அதனால நடக்கச் சொன்னீரு. நடந்தேன், முடியல, உமக்குத் தெரிஞ்சுது. சலிக்கிற ரூம்ல பதினோரு பொம்பளையாளுவ நிக்காளுவ. நான் அங்கயும் இங்கயும் போயி வருவேன். அவளுவ காலம்பற உள்ள போனா சங்கு ஊதித்தான் வெளிய வருவாளுவ. கூலியாளுவ நல்லாத்தான் இருப்பாகன்னு அவளுவள நடக்கச் சொல்லி யாரும் கேக்கலையே."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு சலிக்கும் அறைக்குப் போனேன். யாரும் உத்தரவு போடவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முதல் சல்லடையில் நின்றவளை வெளியே வரச் சொன்னேன். முப்பது வயது இருக்கலாம். வந்தவள் என் கழுத்தில் தொங்கிய குழலைப் பார்த்தாள். மேக்கருக்கு என்ன ஆனது என்று எஸ்டேட் முழுக்கத் தெரியும்.

"அத வச்சுப் பாத்தா என்னையக் கீழ அனுப்பிருவீகளாய்யா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கில் கட்டியிருந்த தலைப்பை அவிழ்த்தாள். திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் குழலை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னேன்.